காத்தம்மா வீட்டுக் காற்று

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயரை இப்போது வங்கிக்காரர்கள் மட்டும்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மற்ற எல்லோருக்கும் அவள் காத்தம்மா. வீடு வீடாகப் போய்க் காற்றைப் பிடித்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எங்காவது பூஞ்சை பூத்திருக்கிறதா என்று சொல்வது அவள் தொழில். இந்தப் பெயரை அவளுக்குச் சூட்டியவர் ஒரு அடுக்குமாடிக் காவலாளி. முதல் நாள் வாசலில் மறித்து என்ன வேலையாக வந்தாய் என்று கேட்டார்.

"மேல ஒரு வீட்ல காத்து பாக்கணும்" என்றாள்.

அவர் சற்றுப் பின்னால் நகர்ந்தார். "காத்து கருப்பா?"

"ஆமா. காத்துல ஆரம்பிப்பேன், கருப்பு எங்க இருக்குன்னு பாத்துட்டுத்தான் போவேன்."

பேய் ஓட்ட வந்தவள் என்றே அவர் முடிவுகட்டிவிட்டார். லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து மரியாதையாக ஏற்றி அனுப்பினார். சாயங்காலம் அவள் இறங்கி வருவதற்குள் அந்தக் கட்டடம் முழுக்கக் காத்தம்மா வந்திருக்கிற சேதி பரவியிருந்தது. அதன்பிறகு அந்தப் பெயரை அவளும் உதறவில்லை. சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறார்கள், அதில் என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

அதற்கு முன்னால் பல வருஷம் ஒரு பெயிண்ட் கடையில் நின்று நிறம் காட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் வாங்கிப்போன அதே ஆள், அதே நிறத்தை, அதே சுவருக்கு மறுபடியும் வந்து கேட்பார். "உள்ள ஈரம் இருக்குங்க, மொதல்ல அதப் பாருங்க" என்பாள். "ரெண்டு கோட்டு அடிச்சா மறைஞ்சிரும்மா" என்பார் அவர். முதலாளி ஓரக்கண்ணால் இவளை முறைப்பார். இப்படிப் பூசி மெழுகுவதிலேயே ஆயுசு தீர்ந்துவிடுமோ என்று அவளுக்கு ஒரு கட்டத்தில் வெறுத்துப்போயிற்று. ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். சின்னதாக ஒரு பம்பும் ஈரம் காட்டுகிற கருவியும் வாங்கினாள். முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "மனசுல ஈரம் இருக்கட்டும், செவுத்துல வேணாம்" என்பாள் போகிற வீட்டில் எல்லாம்.

பார்க்கிறவர்களுக்கு ரொம்பச் சாதுவான வேலை. பம்பு ஒரு முக்காலித் தாங்கியில் நிற்கும். அதன் வாயில் கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பி. பம்பு ஓடும்போது அறையின் காற்று டப்பிக்குள் புகுந்து, பசை தடவிய கண்ணாடியில் மோதும். காற்றில் மிதக்கிற பூஞ்சைத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அறைக்கு ஒரு டப்பி, தெருவில் வைத்தும் ஒரு டப்பி. ஆய்வகத்தில் எண்ணிச் சொல்வார்கள். தெருவில் இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகமாக இருந்தால், அந்தச் சனியன் வீட்டுக்குள்ளேயே எங்கோ குடித்தனம் நடத்துகிறது என்று அர்த்தம்.

இந்தத் தொழிலில் அவளுக்குப் பெரிய தலைவலி பூஞ்சை இல்லை, மனிதர்களின் மரியாதைதான். "முந்தின நாளே கதவு ஜன்னல சாத்திருங்க. பெருக்காதீங்க, தொடைக்காதீங்க. எப்பவும் இருக்கற மாதிரியே இருங்க" என்று போனில் படித்துப் படித்துச் சொல்வாள். எல்லோரும் சரி என்பார்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு ஆள் வருகிறார் என்றால் கை சும்மா இருக்குமா? ஒரு வீட்டில் கதவு திறந்ததுமே தரை கழுவுகிற திரவத்தின் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே எல்லா ஜன்னலும் ஆவென்று திறந்து கிடந்தன. வீட்டம்மா புதுத் துணி உடுத்தி நின்றாள். காத்தம்மா பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"வீடு ரொம்ப அழகா இருக்கும்மா. நான் அழுக்கப் பாக்க வந்தவ. மறுபடி அழுக்கானதும் ஒரு போன் போடுங்க."

அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு இருவரும் உட்கார்ந்து டீ குடித்துச் சிரித்துவிட்டுத்தான் பிரிந்தார்கள். இப்படி ஊரார் வீட்டு வாசலில் நின்று மூக்கை ஒரு தரம் உறிஞ்சியே கண்டுபிடிக்கிறவள், தன் வீட்டில் கோட்டை விட்டாள்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். கடைத்தெருவில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தை இடித்தபோது, மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டின் பின்னறையில் போட்டார். ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து, வரிசையாகக் கொக்கி வைத்து, தைத்த துணிகளை அதில் தொங்கவிட்டார். பலகையை ஒட்டினாற்போல் இஸ்திரி மேஜை. நீராவி இஸ்திரிப்பெட்டி நாள் முழுக்கப் புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஜன்னலைத் திறக்க மாட்டார். அடுத்தவர் கொடுத்த துணியில் ஒரு தூசி விழுந்துவிடக் கூடாது என்று அவருக்கு.

காலையில் தலை வாரி, சட்டை மாட்டி, "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டுதான் பின்னறைக்குப் போவார். "பாத்துப் போங்க, ரோட்ல வண்டி வரும்" என்பாள் காத்தம்மா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஆனால் அவர் அதை முழுக்க விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடை போன துக்கத்தை அந்த மனுஷன் யாரிடமும் காட்டவில்லை. அந்த அறையைக் கடை என்று சொல்லிச் சொல்லியே ஆற்றிக்கொண்டார்.

சாயங்காலம் அவள் திரும்பியதும் நேராக அங்கேதான் போவாள். வெட்டுத்துணி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, அன்றைக்குப் பார்த்த வீடுகளின் கதையை எல்லாம் அவிழ்த்துவிடுவாள். அவர் வாயில் குண்டூசிகள் இருக்கும், அதனால் ம் மட்டும் கொட்டுவார். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிற மகள், "நீங்க ரெண்டு பேரும் தனியா சினிமாவே போக வேணாம்மா, அந்த ரூம் போதும் உங்களுக்கு" என்று கேலி செய்வாள். உண்மைதான். அவளுக்கு நாளிலேயே பிடித்த நேரம் அதுதான்.

அவருக்கு இருமல் வந்தது. முதலில் தூசி என்றார், பிறகு பருவநிலை என்றார். மாடிப்படி ஏறுகையில் நடுவில் நின்று, கைப்பிடியைத் துடைப்பதுபோல் பாசாங்கு செய்து மூச்சு வாங்க ஆரம்பித்தார். காத்தம்மா விடவில்லை, மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு, பூஞ்சைத் தூசு நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் வருகிற நோய் என்றார். இதோடு நிறுத்தினால் தேறிவிடும், தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும், போன மூச்சு திரும்பாது என்றார். பிறகு சாதாரணமாக, "வீட்ல யாராவது பூஞ்சை இருக்கற எடத்துல வேலை செய்யறாங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். காத்தம்மா தரையைப் பார்த்தாள்.

வீடு வந்ததும், "நாளன்னிக்கு நம்ம வீட்டையும் பாத்துரலாம்" என்றாள்.

"கடையையுமா?"

"எல்லா ரூமையும்தான்."

"இருந்துச்சுன்னா?"

"காலி பண்ண வேண்டியதுதான். என்னங்க கேள்வி இது."

எல்லா வீட்டிலும் சொல்கிற பதிலை அவரிடமும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவில்லை.

குறித்த நாளில் வெளி வேலை முடித்துவிட்டுப் பையோடு வீட்டுக்கு வந்தாள். தரை பளபளவென்று இருந்தது.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"நீ வேலையா வர்றேல்ல. வீடு நல்லா இருக்க வேணாமா."

வேறு எந்த வீடாக இருந்தாலும் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பாள். இங்கே அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மூச்சு வாங்குகிற மனுஷன் எனக்காகக் குனிந்து தரை துடைத்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. அன்பு கண்ணை மறைக்கும் என்பார்கள், அவளுக்கு மூக்கையே அடைத்துவிட்டது. பின்னறையில் பலகைச் சுவரைக் கருவி வைத்துப் பார்க்கப் போனபோது, "நாளைக்குக் குடுக்க வேண்டிய துணி, கலைச்சிராத" என்றார். சரி என்று விட்டுவிட்டு, அறைக்கு ஒன்றாக எடுத்த டப்பிகளை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. எல்லா அறையும் சுத்தம், தெருவைவிடச் சுத்தம். ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷம். அடுத்த நிமிஷமே அந்தப் பதிலை மறுபடி படித்தாள். வீட்டில் இல்லையென்றால் வேறு எங்கிருந்து வருகிறது? மருத்துவர் கேட்டாரே. ஊர் பூஞ்சையை எல்லாம் தலைமுடியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வந்து, தினமும் சாயங்காலம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து உதறியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். வேலைக்கு இவள் உடம்பு முழுக்க மூடும் உறை மாட்டிக்கொண்டு போகிறவள், அதைக் கழற்றி அங்கேயே மூட்டை கட்டுகிறவள். அடுத்த வீட்டில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்துத் தள்ளியிருப்பாள். தனக்கு வேண்டியவர் மூச்சு என்று வரும்போது படித்த பாடம் எல்லாம் பறந்துபோகிறது.

அன்றிலிருந்து செருப்பு, பை எல்லாம் வாசலோடு நின்றன. வந்ததும் குளித்து, துணி மாற்றி, அதற்கப்புறமும் பின்னறைப் பக்கம் போவதில்லை. படுக்கையைச் சுருட்டி ஹாலில் ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொண்டாள். அவர் இருமும்போது ஓடிவந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தவள், இப்போது கதவோரம் நின்று தண்ணீர்ச் செம்பை எட்டி வைத்தாள்.

"ஏம்மா இப்படி?" என்றார் அவர்.

"என் மேல ஒட்டிக்கிட்டுத்தான் வருது. கொஞ்ச நாள் தள்ளி இருந்து பாப்போங்க."

அவர் செம்பை எடுத்துக்கொண்டு மெஷினிடம் திரும்பினார்.

அவள் தள்ளி இருந்தும் இருமல் குறையவில்லை. மகள் போனில், "அப்பா கொரலே சரியில்லையே. ரெண்டு பேருக்கும் சண்டையாம்மா?" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. தண்ணீரும் சாப்பாடும் நேரத்துக்குக் கிடைத்தன, பேச்சும் குறைவில்லாமல் நடந்தது, எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றுதான். கடைசியில் காத்தம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். பழைய பெயிண்ட் கடை முதலாளிக்குப் போன் போட்டாள். அடுத்த மாதம் வந்துவிடு என்றார் அவர். வெறுத்து விட்டுவந்த வேலை. ஆனாலும் பெயிண்ட் வாசனையில் யாருக்கும் மூச்சு நிற்காது. பேசி முடித்துத் திரும்பினால், பின்னறைக் கதவில் கை வைத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.

"வேலைய விடப் போறியா?"

"ஆமா. வேலை போனாப் போகுது."

அவர் உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க மெஷின் சத்தம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் ஒரு வீட்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, தொழிலுக்கென்று வைத்திருக்கிற போன் அடித்தது.

"ஹலோ, காத்து பாக்கறவங்களா?"

அவர் குரல்தான். "என்னங்க, நம்பர மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்லைங்க மேடம். உங்களுக்குத்தான் போட்டேன். எங்க வீட்ல ஒரு ரூமப் பாக்கணும். நீங்க வரணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை நீங்க என்று சொன்னதில்லை. கோபம் வந்தாலும் நீதான், கொஞ்சினாலும் நீதான். குத்தலுக்குச் சொல்கிறாரோ என்று காதைத் தீட்டிக் கேட்டாள். குத்தல் இல்லை. நெருப்பில் கை வைக்கப் போகிறவர்போல் நிதானமாக இருந்தது குரல்.

"எந்த ரூமுங்க?" என்றாள். அவளுக்கே தெரியாமல் தொழில் குரல் வந்துவிட்டது.

"பின்னாடி ரூம். நேத்தே எல்லாத்தையும் சாத்தியாச்சு. வழக்கம்போல அயர்ன் பண்ணேன். தொடைக்கல." சற்று நிறுத்தினார். "இதுக்கு முன்னாடி ஒருத்தங்க வந்து பாத்தாங்க மேடம். அவங்க வர்றதுக்கு முந்தி நாள் பூரா ஜன்னலத் தொறந்து ஃபேன் போட்டு வச்சிருந்தேன். அயர்ன் பாக்ஸையே தொடல. அவங்ககிட்ட சொல்லல."

காத்தம்மா அந்த யாரோ வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் கோபம்தான் வந்தது, காது சுடுகிற அளவு கோபம். அடுத்ததாக, நான் இல்லையா, என்னால் இல்லையா என்று ஒரு நிம்மதி வந்தது.

"சாயங்காலம் வரேங்க" என்றாள். "அதுவரைக்கும் அந்த ரூமுக்குள்ள போகாதீங்க."

தன் வீட்டு அழைப்புமணியை அவள் அடித்தது அன்றுதான் முதல் தடவை. அவர் தலை வாரி, சட்டை மாட்டி வந்து திறந்தார். "வாங்க" என்றார். அவள் உறை மாட்டிக்கொண்டாள், முகமூடி கட்டிக்கொண்டாள், அவருக்கும் ஒன்று கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு டப்பி, பின்னறையில் ஒரு டப்பி. பம்பு ஓடுகிறவரை இருவரும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விகளைக் கேட்டாள்.

"இருமல் எப்ப இருந்துங்க?"

"வெளிய தெரிஞ்சது கொஞ்ச நாளாத்தான். அதுக்கு முன்னாடியே உண்டு. மெஷின வேகமா ஓட்டிக்கிட்டே இருமுவேன், கேக்காது."

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா அவங்க அன்னிக்கே பம்பத் தூக்கிட்டு வந்துருவாங்க. கண்டுபிடிச்சிருவாங்க, அவங்க கெட்டிக்காரங்க." அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கண்டுபிடிச்சா ரூமக் காலி பண்ணச் சொல்வாங்க. ஏற்கெனவே ஒரு கடை போயிருச்சு மேடம். இதுவும் போச்சுன்னா காலையில எந்திரிச்சு நான் எங்க போவேன்னு தெரியல."

தனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற இந்த ஆளை அவள் நன்றாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னோமே, இவர் கதையை ஒரு நாளாவது கேட்டோமா என்று இருந்தது. வாயில் குண்டூசி இருக்கிறதென்று விட்டுவிட்டோம்.

பம்பு நின்றது. அவள் மட்டும் உள்ளே போனாள். கொக்கிகளிலிருந்து துணிகளை எடுத்து மூட்டை கட்டினாள். இஸ்திரி மேஜையை நகர்த்தினாள். கருவியின் ஊசிகளைப் பலகையில் வைத்ததும் அது விடாமல் கத்த ஆரம்பித்தது. கீழ்ப்பக்கத்துத் திருகுகள் இரண்டைக் கழற்றிப் பலகையைக் கொஞ்சமே கொஞ்சம் விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். பலகையின் முதுகும் சுவரும் கன்னங்கரேலென்று, கம்பளி போர்த்தியதுபோல் கிடந்தன. வெளியே போக வழியில்லாத நீராவி எல்லாம் பலகை இடுக்கில் புகுந்து, அங்கேயே தங்கி, அவர் நாள் முழுக்க நிற்கிற இடத்துக்கு ஒரு கை தூரத்தில் இதை வளர்த்துவிட்டிருந்தது. பலகையை அப்படியே மூடினாள். உறையைக் கழற்றி அறைக்குள்ளேயே மூட்டை கட்டி வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, இடுக்கில் பசைநாடா ஒட்டினாள்.

ஒட்டி முடிக்கும்வரைதான் தொழில் குரல் நின்றது. முகமூடியை இழுத்துக் கழற்றினாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்னங்க பண்ணியிருப்பேன்? அந்த ரூமக் கட்டிக்கிட்டா அழ முடியும்?"

அவர் ஒட்டி மூடிய கதவைப் பார்த்தபடி, மறுபடியும் அந்த அயலார் மரியாதையோடு கேட்டார். "காலி பண்ணணும், அப்படித்தானே மேடம்?"

"ஆமா."

"பண்ணிரலாம்." தலையாட்டினார். "இன்னொண்ணு கேக்கணும். எங்க வீட்டம்மா, தன்னாலதான் எனக்கு இப்படின்னு நெனச்சு, பிடிச்ச வேலையவே விடப் போறாங்க. தனியா இங்க ஹால்ல படுத்துக்கறாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

காத்தம்மா தொழில் குரலைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்க படுக்கையத் தூக்கி உள்ள போடச் சொல்லுங்க. அந்த எடம் காலியாகுதுல்ல, மெஷினத் தொடைச்சு அங்க போட்டுக்கலாம். நல்ல வெளிச்சம். ஜன்னல் மட்டும் தொறந்தே இருக்கணும்."

அவர் ஜன்னலோரத்தைப் பார்த்தார். மடித்து வைத்த போர்வையும் தலையணையும் அங்கே இருந்தன. அந்த இடத்தில் மெஷின் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும், வெளிச்சம் எந்தக் கையில் விழும் என்று அவர் மனசு அதற்குள் அளக்கத் தொடங்கிவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

"ஹாலுக்கு வர்றவங்க போறவங்க எல்லாம் பாப்பாங்களே" என்றார்.

"கடைன்னா நாலு பேரு பாக்கத்தாங்க செய்வாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறி, அவர் குனிந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பழக்கதோஷத்தில் காத்தம்மாவின் கால் கதவுப் பக்கம் ஒரு எட்டு வைத்தது. வைத்த காலைத் திருப்பி அவரிடம் வந்தாள். முதுகில் கை வைத்துத் தடவிக்கொடுத்தாள். சட்டைக்குள் எலும்பு தட்டுப்பட்டது, இவ்வளவு இளைத்திருக்கிறாரே. இருமல் ஓய்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.